ஸ்பிதி, கின்னௌர்: 7 நாளில் 19 இடம் நடக்குமா? அம்மாவும் வருகிறார்

கூழாங்கல்
ஏப்ரல் 6, இரவு 9.42

வணக்கம். இங்கே இமாச்சல் போய்வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மே இரண்டாம் வாரம் நானும் கணவரும் பையனும் (ஒன்பதாம் வகுப்பு) என் அம்மாவும் ஸ்பிதி பள்ளத்தாக்கு போகலாம் என்றிருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது, வாரத்தில் நாலு நாள் மலைக்கோட்டை ஏறி இறங்குகிறவர். ஒரு டிராவல்ஸில் 7 நாள் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் மணாலி, மறுநாள் சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரம், மூன்றாம் நாள் காஸா (ஸ்பிதியின் முக்கிய ஊர்), அதற்கடுத்த நாள் கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம், லாங்சா, ஹிக்கிம், கோமிக் எல்லாம் ஒரே மூச்சில். அப்புறம் பின் பள்ளத்தாக்கு, தன்கர், தாபோ, கியூ மம்மி, நாக்கோ, கல்பா, சித்குல், சாங்லா, சராஹன், கடைசியில் சிம்லா. எண்ணிப் பார்த்தேன், 19 இடம். இது நடக்குமா? எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் எதை விடலாம்?

ரெண்டாம்கியர்
ஏப்ரல் 6, இரவு 10.15

நடக்கும். நான் பைக்கில் மணாலி வழியாக ஏறி சிம்லா வழியாக இறங்கினேன், மொத்தம் 6 நாள். ஜூலை மாதம். தலைவலி ஒரு ராத்திரி இருந்தது, அவ்வளவுதான். ரொம்ப யோசித்தால் எங்கேயும் போக முடியாது.

நடைவண்டி
ஏப்ரல் 7, காலை 6.20

கியர் தம்பி, அவர் கேட்டது மே மாதம், நீங்கள் சொல்வது ஜூலை. மேடம், அந்தத் திட்டத்தை எழுதியவர் காலண்டரைப் பார்க்கவே இல்லை. மணாலியிலிருந்து காஸா போக குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும், உயரம் 4,550 மீட்டருக்கு மேல். குளிர்காலம் முழுக்க அது பனியில் மூடிக் கிடக்கும், பெரும்பாலும் ஜூன் வாக்கில்தான் வழி வெட்டித் திறப்பார்கள், அதுவும் அந்த வருஷப் பனியைப் பொறுத்தது. அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து மணாலிக்கு மேலே இருக்கும் ரோத்தாங் கணவாயில் ஏறாமலேயே மறுபக்கம் லாஹௌலுக்குப் போய்விடலாம் என்பது உண்மை, ஆனால் அதை வைத்து ஸ்பிதிக்கும் வழி திறந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சுரங்கம் ரோத்தாங்குக்குத்தான் பதில், குன்சும் அப்படியேதான் இருக்கிறது. மே இரண்டாம் வாரம் சந்திரதாலில் கூடாரம் போடுகிறோம் என்று ஒருவர் பணம் வாங்கினால் அவரிடம் இன்னொரு கேள்வி கேட்கக்கூட வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது விஷயம் திசை. எனக்கு இதில் சந்தேகமே கிடையாது, முதல்முறை போகிறவர்கள் சிம்லா வழியாகத்தான் ஏற வேண்டும். கணக்கைப் பாருங்கள். மணாலி சுமார் 2,050 மீட்டர், சந்திரதால் சுமார் 4,250. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அன்று இரவு அங்கேயே படுக்கச் சொல்கிறார்கள். சிம்லா வழி என்றால் சிம்லா, சராஹன் இரண்டும் 2,200 அளவு, சாங்லா 2,700, கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,700க்குக் கொஞ்சம் கீழ் மேல். படிக்கட்டு மாதிரி. உடம்புக்குத் தெரியாமலேயே ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிடும். தூரம் அதிகம்தான், சிம்லாவிலிருந்து காஸா 400 கிலோமீட்டருக்கு மேல், மணாலியிலிருந்து 200தான். அந்த 200ஐப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

மாத்திரைச்சீட்டு
ஏப்ரல் 7, காலை 8.05

நடைவண்டி அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்றாமலிருப்பதும், மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் அதே இடத்தில் தங்குவதும் பொதுவாகச் சொல்லப்படும் விதி. அதனால்தான் நாக்கோவை (3,660) மதியம் பார்த்துவிட்டு இறங்கிப்போய் தாபோவில் படுப்பது நல்லது.

அம்மா நன்றாக நடப்பவர் என்பது சந்தோஷம், ஆனால் மலைநோய்க்கும் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது) உடல் வலுவுக்கும் சம்பந்தம் குறைவு. ஜிம் பையன்கள் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருக்க, பாட்டிகள் டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வலுவான ஆட்கள் வேகமாக ஏறுவார்கள், தலைவலியை வெளியே சொல்ல மாட்டார்கள், ஆபத்து அங்கேதான். தலைவலி, குமட்டல், பசியின்மை இருந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். ஒரு கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அசிட்டசோலமைட் மாத்திரை (டயமாக்ஸ் என்று கடைகளில் கிடைப்பது) உதவும், ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மட்டும். கற்பூரத்தை முகர்ந்தால் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். அது ஆரத்திக்கு மட்டும்.

ரெண்டாம்கியர்
ஏப்ரல் 7, காலை 9.30

சரி சரி, மே மாத விஷயத்தில் நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் திசை விஷயத்தில் இவ்வளவு பயமுறுத்த வேண்டாமே. எட்டு நாள் லீவுதான் கிடைக்கும் என்கிறவன் சிம்லா வழியாக ஏறி அதே வழியாக இறங்கினால் பாதி நாள் கார் ஜன்னலிலேயே போய்விடும். மணாலி வழியில் வரும் கிராம்பூ, சத்ரு, பாதல் வழியே ஒருமுறை போய்ப் பாருங்கள். (கிராம்பூ என்ற பெயரைக் கேட்டதும் எனக்குப் பிரியாணிதான் ஞாபகம் வந்தது.) அது ரோடே இல்லை, ஆற்றங்கரைக் கல்லை ஒதுக்கிவிட்டு ரோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பனிமலை, நடுவில் சந்திரா நதி, மனுஷ வாடை கிடையாது. என் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான இடம் அதுதான்.

ஒரே ஒரு விஷயம், விடிகாலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வழியை வெட்டிக்கொண்டு ஓடும் ஓடைகளெல்லாம் பனி உருகி வருபவை. காலையில் கணுக்கால் அளவு இருக்கும், வெயில் ஏறியதும் மதியத்துக்கு மேல் முழங்கால். என் பைக் ஓர் ஓடையில் நின்றுபோய் அரை மணி நேரம் ஐஸ் தண்ணீரில் நின்றேன். ஷூவுக்குள் இரண்டு நாள் ஈரம்.

நடைவண்டி
ஏப்ரல் 7, மதியம் 1.10

அழகு இல்லை என்று யார் சொன்னது? அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். காஸாவில் நாலு நாள் இருந்து உடம்பு பழகியபின் குன்சும் ஏறி சந்திரதால் போய் மணாலியில் இறங்கினால் அதே அழகைத் தலைவலி இல்லாமல் பார்க்கலாம்.

ஒரு பகல் உபரியாக இருந்தே தீர வேண்டும். 2023 ஜூலையில், ஆமாம் ஜூலையில், சந்திரதாலில் பனி கொட்டி முந்நூறு பேர் வரை மாட்டிக்கொண்டார்கள், வழி வெட்டிக் கொண்டுவர நாட்கள் ஆயின. 2021 ஜூலையில் சாங்லா பக்கம் பட்சேரியில் மலையிலிருந்து கல் உருண்டு சுற்றுலா வேனில் வந்தவர்கள் 9 பேர் இறந்தார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சாங்லா, கல்பா எல்லாம் இருக்கும் கின்னௌர் மாவட்டத்தின் கீழ்ப்பகுதியில் மழையும் சரிவும் இருக்கும், ஸ்பிதி மழைமறைவுப் பிரதேசம் என்பதால் மேலே காய்ந்து கிடக்கும். மேலே வெயில் அடிக்கிறது என்று பார்த்துக் கீழே இறங்கினால் ரோடு இருக்காது. செப்டம்பர்தான் என் கட்சி.

கூழாங்கல்
ஏப்ரல் 7, இரவு 8.50

டிராவல்ஸுக்குப் போன் செய்து மே மாதம் குன்சும் திறந்திருக்குமா என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றார்கள். பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை முன்பணம் கொடுக்கவில்லை.

காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசியில் போகலாம் என்று கணவரும் ஒத்துக்கொண்டார். பையனுக்கு இரண்டு நாள் லீவு லெட்டர் போட்டால் 12 நாள் தேறும். இப்போது சொல்லுங்கள், எங்கே எத்தனை நாள்? அம்மா கேட்கச் சொன்ன கேள்வி: அங்கே சோறு கிடைக்குமா?

அவரைப்பந்தல்
ஏப்ரல் 8, காலை 11.15

சோறு கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கணவர் நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்ததால் இரண்டு வருஷம் கின்னௌரில் குடியிருந்தவள் நான். சோறு கிடைக்கும் அக்கா, ராஜ்மாவோடு. சாங்லா பக்கம் விளையும் ராஜ்மா சின்னதாக, வெண்ணெய் மாதிரி வேகும், ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வாருங்கள். மேலே போகப் போக அரிசி வேகாது. காஸா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் வைத்தால் நடுவில் கடக்கென்று இருக்கும். அங்கே துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ, ஆவியில் வேகும் திங்மோ ரொட்டி, இவற்றைச் சாப்பிடப் பழகிக்கொண்டால் நிம்மதி. அம்மா புளிக்காய்ச்சல் பாட்டில் கொண்டுவரட்டும், திங்மோவுக்கு அது பிரமாதமாக இருக்கும், என் வீட்டில் அப்படித்தான் போனது.

கல்பாவில் இரண்டு இரவு, தயவுசெய்து. இரண்டு. எல்லோரும் இரவு வந்து காலையில் ஓடிவிடுகிறார்கள். எதிரே கின்னர் கைலாஷ், 6,050 மீட்டர், ஜன்னலைத் திறந்தால் நம் வீட்டு எதிர்வீட்டுக்காரர் மாதிரி நிற்கும். அந்தத் தொடரில் ஓர் இடத்தில் செங்குத்தாக நிற்கும் பாறையைத்தான் சிவலிங்கமாகக் கும்பிடுகிறார்கள். காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம், சாயங்காலம் வேறு ஒன்று. இரண்டு வருஷம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. காலையில் ரோகி கிராமம் வரை நடங்கள், ஒரு பக்கம் அதலபாதாளம், இன்னொரு பக்கம் ஆப்பிள் தோட்டம். செப்டம்பர் கடைசி என்றால் பழம் பறிக்கும் நேரம், பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்கள், கேட்காமலேயே கையில் ஒன்று கொடுப்பார்கள். ஆனால் கேட்காமல் மரத்தில் கை வைக்காதீர்கள், அதுதான் அவர்களுடைய வருஷ வருமானம். சில்கோசா என்று ஒரு பைன் கொட்டையும் அங்கே விளைகிறது, விலை கேட்டால் மயக்கம் வரும், கொஞ்சம் மட்டும் வாங்கி ருசி பாருங்கள்.

சித்குல் போங்கள், பாஸ்பா ஆற்றங்கரையில் உட்காருங்கள், ஆனால் இந்தியாவின் கடைசிக் கிராமம் என்ற போர்டு முன்னால் போட்டோவுக்கு வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

எட்டுக்கால்
ஏப்ரல் 8, மாலை 6.40

லாங்சாவைப் பற்றி யாரும் பேசவில்லையே! சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு கடலடியில் நிற்கிறோம் என்று சொல்லக்கூடிய இடம் அது. இந்தியத் தட்டு போய் ஆசியாவில் மோதுவதற்கு முன்னால் அங்கே டெத்திஸ் கடல் இருந்தது. அதன் சேறும் கிளிஞ்சலும்தான் மடிந்து மேலே வந்து மலையாக நிற்கின்றன. லாங்சா சுற்றுப்புறத்துக் கருப்புக் களிப்பாறையை உடைத்தால் உள்ளே சுருள் சுருளாக அம்மோனைட் (எப்போதோ அழிந்துபோன, சுருள் கூடுள்ள கடல் பிராணி) படிமம் இருக்கும். நம் ஊர் பூஜை அறையில் வெள்ளிக் கிண்ணத்தில் வைத்திருக்கும் சாளக்கிராமம் இருக்கிறதே, நேபாளத்தில் முக்திநாத் பக்கம் கண்டகி ஆற்றில் கிடைப்பது, அதுவும் இதே வகைப் பிராணிதான். சக்கரம் என்று கும்பிடுவது அந்தக் கூட்டின் சுருள்.

இதில் என் வேண்டுகோள்: குழந்தைகள் வந்து விற்பார்கள், வாங்காதீர்கள். ஆளுக்கு ஒன்று என்று வாங்கி வாங்கி அந்தச் சரிவே காலியாகிக்கொண்டிருக்கிறது.

ரெண்டாம்கியர்
ஏப்ரல் 8, இரவு 9.00

நான் இரண்டு வாங்கினேன். ஒன்று மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது, நன்றி எட்டுக்கால்.

நடைவண்டி
ஏப்ரல் 9, காலை 6.45

12 நாள் என்றால் ராஜாவாகப் போய்வரலாம். டெல்லியிலிருந்து சதாப்தியில் கால்கா, அங்கிருந்து பொம்மை ரயிலில் சிம்லா. 1903இல் போட்ட 96 கிலோமீட்டர் பாதை, நூற்றுக்கும் மேல் சுரங்கம், பையன் எண்ணிக்கொண்டே வரட்டும். சிம்லாவிலேயே உள்ளூர் வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சராஹனில் ஒரு இரவு (பீமாகாளி கோவிலின் மரவேலைப்பாட்டை நிதானமாகப் பாருங்கள்), சாங்லாவில் ஒன்று, கல்பாவில் பந்தல் அம்மா சொன்னபடி இரண்டு. அடுத்த பகல் நீளமானது. காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது, அங்கிருந்து ரோடு வளைந்து வளைந்து நாக்கோவுக்கு ஏறும்போது மரம் என்ற ஒன்று உலகத்திலிருந்தே காணாமல் போகும். அதற்குமேல் மண், பாறை, வானம் மூன்றுதான்.

தாபோவில் தங்குங்கள். கி.பி. 996இல் கட்டிய மடாலயம், வெளியே பார்த்தால் வெறும் மண் குட்டிச்சுவர், எங்கள் ஊர் வைக்கோல் கொட்டகையே பரவாயில்லை என்று தோன்றும். குனிந்து உள்ளே போய் இருட்டில் கண் பழகியதும் நாலு சுவரும் ஓவியமாக எழுந்து வரும். போட்டோ எடுக்க அனுமதி கிடையாது, அதுவும் நல்லதற்குத்தான், இல்லாவிட்டால் நான் அங்கே ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடம்தான் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டால் தாபோ என்பேன். கீ மடாலயம் இல்லை, சந்திரதால் இல்லை.

கியூ மம்மியை விட்டுவிடலாம். 1975 நிலநடுக்கத்துக்குப் பின் வெளிப்பட்ட லாமாவின் உடல், கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. எனக்கு அவரைத் தொந்தரவு செய்கிற மாதிரிதான் இருந்தது. தன்கர் வேண்டும். ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகரம், அரித்துப்போன மண்முகட்டின் நுனியில் மடாலயம் தொங்கிக்கொண்டிருக்கிறது. மடாலயத்தைவிட அங்கிருந்து கீழே ஸ்பிதியும் பின் ஆறும் சேருவதைப் பார்ப்பதற்காகவே போக வேண்டும். காஸாவில் மூன்று நாலு இரவு. ஒரு பகல் கீ, கிப்பர், சிச்சம் பாலம். 2017இல் அந்தப் பாலம் திறப்பதற்குமுன் ஊர்க்காரர்கள் அந்தப் பள்ளத்தைக் கம்பியில் தொங்கும் தொட்டியில்தான் கடந்தார்கள். மறுநாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக். பின் பள்ளத்தாக்கை அடுத்த முறைக்கு வையுங்கள்.

கல்பாவுக்குக் கீழே ரீகாங் பியோவில் பெட்ரோல் நிரப்பினால் அடுத்து காஸா, காஸாவை விட்டால் மணாலி வரை எதையும் நம்பாதீர்கள். கையில் பணமாகவே வையுங்கள். நம்மூர் ப்ரீபெய்டு சிம் இமாச்சலில் வேலை செய்யும், லடாக் மாதிரி இல்லை. ஆனால் வழியில் பாதி நேரம் சிக்னல் இருக்காது.

கூழாங்கல்
அக்டோபர் 14, இரவு 10.30

இழையைத் தூசி தட்டுகிறேன். போய்வந்துவிட்டோம்!

முதலில் கெட்ட செய்தி. சந்திரதால் பார்க்கவில்லை. காஸாவில் மூன்றாம் நாள் ராத்திரி பனி, காலையில் எழுந்தால் எதிர்மலை முழுக்க வெள்ளை. குன்சும் மூடிவிட்டது, எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உபரி நாள் கையில் இருந்ததால் ஒரு பகல் காத்திருந்தோம், அப்புறம் வந்த வழியே திரும்பிவிட்டோம். பையனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் திரும்பி வரும்போது தாபோவில் இன்னொரு இரவு கிடைத்தது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. நடைவண்டி சார், நீங்கள் கத்தி வைத்துச் சொன்ன இடம்தான் எனக்கும். அம்மா அங்கே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், ஒரு லாமா வந்து பேசாமல் ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டுப் போனார்.

தலைவலி வந்தது யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? ஜிம் போகிற என் கணவருக்கு. கோமிக்கில். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் இருந்தார், அம்மாதான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து வண்டியைத் திருப்பச் சொன்னார். காஸா இறங்கி, தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது.

கிராமத்து வீட்டில் உலர் கழிவறை, தண்ணீர் இல்லை, மண்ணைத் தள்ளிவிட வேண்டும், அதுதான் பிற்பாடு வயலுக்கு உரம். முதல் நாள் எல்லோரும் முகம் சுளித்தோம், மூன்றாம் நாள் யாருக்கும் அது பேச்சாகவே இல்லை. புளிக்காய்ச்சல் பாட்டில் கல்பாவிலேயே தீர்ந்தது, வீட்டுக்கார அம்மா விரலால் தொட்டு நக்கிவிட்டு "இது என்ன பழம்" என்று கேட்டு விதை கேட்டார்கள். புளியங்கொட்டை அங்கே முளைக்காது என்று ஹிந்தியில் சொல்லத் தெரியாமல் திண்டாடினேன்.

லாங்சாவில் எதுவும் வாங்கவில்லை. ஹிக்கிம் அஞ்சலகத்தில் அம்மா தனக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டார். என்ன எழுதினார் என்று சொல்ல மாட்டேன் என்கிறார், கார்டும் இன்னும் வரவில்லை.

ரெண்டாம்கியர்
அக்டோபர் 14, இரவு 11.05

எனக்கு மூன்று வாரம் ஆனது, வரும். அக்கா, அப்போ சந்திரதால் பாக்கி இருக்கிறதல்லவா, ஜூலையில் மணாலி வழியாக ஏறுங்கள்.

நடைவண்டி
அக்டோபர் 15, காலை 6.10

ஆரம்பித்துவிட்டான்.

பனங்கொட்டை
அக்டோபர் 15, மதியம் 12.20

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், முழு இழையும் படித்தேன், அருமை. நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர் டிசம்பரில் ஸ்பிதி போகலாம் என்றிருக்கிறோம், மணாலி வழியாக. பனிச்சிறுத்தையும் பார்க்க வேண்டும். திட்டம் போட்டுத் தர முடியுமா?

நடைவண்டி
அக்டோபர் 15, மதியம் 12.31

டிசம்பரில் மணாலி வழி கிடையாது, சிம்லா வழிதான். சிறுத்தைக்குக் கிப்பர், அதுவும் பிப்ரவரி பக்கம் பரவாயில்லை. எத்தனை நாள் இருக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.